பிடுங்கி நட்ட நாள்

நாளைக் காலையில் வேன் வந்துவிடும். செல்லக்கனி உப்புப் பாத்திக்குள் நின்று உப்பை வாரும் பலகையை இழுத்துக்கொண்டே மாயாநகர் போய்வந்த அந்த நாளை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியது. வாசலில் புகை மாதிரி தண்ணீர் தெளித்தது. நெற்றியில் பட்டை கட்டியது. கரடி வேஷம் போட்டவன் கை குலுக்க வந்ததும் கூட வந்த மாடத்தி பயபக்தியாய் அவனைக் கும்பிட்டது. அப்புறம் ராட்டினம். ராட்டினம் வந்ததும் பலகை தானாக நின்றுவிடும். மேஸ்திரி வரப்பிலிருந்து சத்தம் கொடுப்பார். அவள் மறுபடி இழுப்பாள், மறுபடி பஸ்ஸிலிருந்து ஆரம்பிப்பாள். ஆறு நாளாக இப்படித்தான். எங்காவது ஒரு துண்டு விட்டுப்போனால் திரும்பிப் போய்த் தேடி எடுத்தாள். விட்டுப்போனால் என்ன, நாளைக்கு மொத்தமும் போகத்தானே போகிறது என்று தோன்றும்போது பலகையை இன்னும் அழுத்தி இழுத்தாள்.

மாயாநகரைத் தெரியாதவர்கள் கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் டி.வி.யில் அதன் ராட்டினம் சுற்றும். வசதி உள்ளவர்கள் அங்கே பத்துத் தடவை, இருபது தடவை போய்விட்டார்கள். போகப் போக ருசி செத்துவிட்டது. முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டு நின்ற அந்தச் சந்தோஷம் எவ்வளவு கொடுத்தாலும் திரும்பி வரவில்லை. அதற்கு ஒரு கம்பெனி வழி கண்டுபிடித்தது. இதுவரை போகாத ஆளைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது. அந்த ஆளின் தலைக்குள் உட்கார்ந்திருக்கும் நாளை எடுத்து, போய்ச் சலித்தவர்களின் தலைக்குள் வைப்பது. போகாத ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? கல்குவாரியில் கிடைப்பார்கள். செங்கல் சூளையில் கிடைப்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் நிறையவே கிடைப்பார்கள்.

உப்பளத்தில் கம்பெனி முப்பது பேரைப் பிடித்தது. கூலி என்று ரொக்கம் எதுவும் இல்லை, கண் ஆப்பரேஷன். வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில் இருபது வருஷம் நின்றால் கண் புகைந்துவிடும். செல்லக்கனிக்கு நாற்பத்து நான்கு வயது. இரண்டு கண்ணிலும் புரை. வரப்பு எது, பாத்தி எது என்று கால்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணையும் சரிசெய்து தருவதாகக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

கையெழுத்துக்கு வந்தவள் தாரணி என்று ஒரு பெண். கம்பெனிச் சட்டை போட்டிருந்தாலும் நடவுக்கூலி வீட்டுப் பிள்ளை, தஞ்சாவூர்ப் பக்கம். முதலில் விரலை வைக்கச் சொல்லி ஒரு மெஷினை நீட்டினாள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் மெஷின் சிவப்பாகவே எரிந்தது. உப்புத் தண்ணீர் தின்ற விரலில் ரேகை ஏது? ரேஷன் கடைக்காரனுக்கே அது பழகிப்போன விஷயம். தாரணி பெருமூச்சு விட்டு, ரேஷன் கார்டில் இருந்த நம்பரைத் தட்டிக்கொண்டு பதினேழு என்று ஒரு சீட்டைக் கொடுத்தாள்.

அந்த நாளை நகல் எடுத்துக்கொண்டு அசலை எங்களிடமே விட்டால் என்ன என்று செல்லக்கனி அப்போதே கேட்டாள்.

"அது வராதுக்கா. நாத்து மாதிரிதான் இது. நாத்தங்கால்லேருந்து பிடுங்கினாத்தான் வயல்ல நட முடியும். ரெண்டு இடத்துலயும் நிக்காது" என்றாள் தாரணி. "பிடுங்கும்போது வேரோட கொஞ்சம் மண்ணும் சேர்ந்து வரும். அந்த நாளைப் பத்தி அப்புறம் பேசினது, நெனச்சது, அதுவும் போயிடும். அதான் ஏழு நாளுக்குள்ள எடுத்துடறோம். விட்டா வேர் எங்கெங்கயோ ஓடிடும்."

அன்று செல்லக்கனிக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. போனால் போகட்டும், ஒரு நாள்தானே. அவளுடைய நாட்களில் எதை எடுத்துக்கொண்டாலும் அவளுக்கு நஷ்டம் இருந்திருக்காது. அப்படித்தான் கடைசிப் பதினோரு வருஷம் போயிருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் பலவேசம் உப்பளத்து மோட்டாரில் கரண்ட் அடித்துச் செத்துப்போனான். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேருக்கும் சண்டை. வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லி, இந்த வாசலை மிதிக்காதீங்க என்று தட்டைத் தூக்கி எறிந்தாள். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் தன் அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். விடிந்ததும் சாப்பிடாமல் மோட்டார் போடப் போனவன்தான். அக்கா உலகம்மாள் பிணத்தின் மேல் விழுந்து, என் தம்பியை வாயாலேயே கொன்றுவிட்டாளே என்று அழுதாள். ஊரும் அதைத்தான் சொன்னது. செல்லக்கனியும் அதைத்தான் நம்பினாள். அதற்கப்புறம் அவள் அதிகம் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் யாராவது செத்துப்போவார்கள் என்பது போல இருந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவு அன்று சாத்தியதுதான். உப்பளத்தில் கூடையை நிரப்பிவிட்டுத் தலைக்குத் தூக்கிவிட ஆள் வேண்டும். எதிரே நிற்கிற யாராவது ஒரு கை கொடுப்பார்கள். உலகம்மாள் மட்டும் செல்லக்கனியின் கூடைக்கு ஒருநாளும் கை கொடுத்ததில்லை. தள்ளிப்போய் வேறு ஆளுக்குத் தூக்கிவிடுவாள்.

அப்படிப்பட்ட இரண்டு பேரும் சேர்ந்து மாயாநகர் போனதற்குக் காரணம் ரேஷன் கார்டு. ஆளுக்கு ஒரு துணையைக் கூட்டிவரலாம், தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் சந்தோஷம் தூக்கலாக வரும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அந்த நாளுக்கு அடையாளம் வைக்கிற நெற்றிப் பட்டையைத் துணைக்கும் கட்டுவார்களாம், ஆனால் அந்த நாளை எடுக்க மாட்டார்களாம். இரண்டு வீட்டுக்கும் சேர்ந்த, பிரிக்காத பழைய கார்டில் செல்லக்கனிக்கு அடுத்த பேர் உலகம்மாள். அவள் புருஷன் பேரையும் பலவேசத்தின் பேரையும் ஏற்கெனவே அடித்திருந்தார்கள். உப்பளத்துக் கணக்கப்பிள்ளை கார்டைப் பார்த்தபடியே பதினேழு, பதினேழு ஏ என்று எழுதிவிட்டார். ஓசியில் கிடைக்கிற மாயாநகரை வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போனார்கள்.

அலைக்குளத்தைப் பார்த்துவிட்டு உலகம்மாள், கடலைத் தொட்டியில் அடைத்துவைத்து டிக்கெட் போடுகிறானே என்று மாடத்தியிடம் சொன்னது செல்லக்கனிக்குக் கேட்டது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ராட்டினத்தில் நம்பர்படி ஏற்றினார்கள். பதினேழும் பதினேழு ஏ-யும் ஒரே பெட்டி. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி மேலே போனது. தென்னைமரம் தாண்டி, செல்போன் டவர் தாண்டி, பருந்து பறக்கிற உசரத்துக்குப் போய், அங்கே நின்றுவிட்டது. கீழே ஆள் ஏற்றுவதற்காக அது எப்போதும் நிற்கும். உலகம்மாளுக்கு அது தெரியாது. கெட்டுப்போய்விட்டது, இனி விழ வேண்டியதுதான் என்று நினைத்துவிட்டாள். பெட்டி காற்றில் ஆடியது. அவள் தாவிச் செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி கனி, சாவப் போறோம். ஒண்ணச் சொல்லிருதேன். அன்னைக்கு அவன் கோவத்துல போவல. மோட்டார் போடுத முறை எங்க வீட்டு ஆளோடது. அவரு குடிச்சிட்டுக் கெடந்தாரு. நாந்தான் தம்பிய எழுப்பி, மச்சான் பேருல போயிட்டு வாலேன்னு அனுப்புனேன். மோட்டாருல கரண்ட் கசியுதுன்னு அவரு சொல்லிட்டிருந்தாரு. அதத் தம்பிகிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணல. பழிய ஒம்மேல போட்டுட்டேன்."

உப்பளத்தில் ஆள் மாற்றிப் போவது எல்லோரும் செய்வதுதான். ஒருத்தருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டில் இன்னொருத்தர் அவர் பேரில் போய் நிற்பார்கள். மேஸ்திரிக்கு வேண்டியது ஆள், முகம் இல்லை. பலவேசமும் அப்படித்தான் போயிருக்கிறான். செல்லக்கனியின் வாய்க்கும் அவன் சாவுக்கும் சம்பந்தமே இல்லை.

கேட்ட மாத்திரத்தில் செல்லக்கனி கையை உருவிக்கொண்டாள். வெடுக்கென்று உருவினாள். பிடிமானம் போனதும் உலகம்மாள் பெட்டியின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராட்டினம் அசைந்து இறங்கி வரும்வரை அங்கிருந்து எழவில்லை.

கடைசியாகப் பனிவீடு. உள்ளே ஜிலீரென்று குளிர். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாகக் கொட்டிவைத்திருந்தார்கள். மற்ற ஜனங்கள் அதை அள்ளி ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிந்து விளையாடினார்கள். செல்லக்கனி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். நிமிர்ந்தால் குவியலுக்கு அந்தப் பக்கம் உலகம்மாளும் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கூட வந்த உப்பள ஆட்கள் அத்தனை பேரும் அதையேதான் செய்திருந்தார்கள். "உப்பு இல்லட்டி" என்றாள் உலகம்மாள், ஏமாந்த குரலில். அம்பாரம் போட்டிருக்கிற லட்சணத்தைப் பார், ஒரு மழைக்குத் தாங்காது என்றும் சொன்னாள். செல்லக்கனிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து அழுகையில் போய் முடிந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு உலகம்மாள் சாளை மீன் குழம்பு கொண்டுவந்தாள். பாத்தியில் வந்து கூடையைத் தூக்கிவிட்டாள். செல்லக்கனி வாங்கிக்கொண்டாள், சுமந்தாள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

நாளைக்கு அதெல்லாம் போகப்போகிறது. அன்று சாயங்காலம் குழம்புச் சட்டியோடு உலகம்மாள் வந்தபோது செல்லக்கனி சொல்லிவிட்டாள்.

"மதினி, நான் நாளைக்குப் போவல."

உலகம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். பைத்தியமா உனக்கு, கண் போய்விடும், போன வருஷம் வந்து போன அரசாங்க முகாம் இனி எப்போது வருமோ, அதில் எனக்குச் செய்த மாதிரி உனக்கும் செய்தால் எறும்பு ஊர்வது கூடத் தெரியும் என்று எடுத்துச் சொன்னாள். நாள் போனால் என்ன, நான் சொன்னதை மறுபடி நானே வந்து சொல்கிறேன் என்றாள்.

"நீங்க சொல்லுவிய. நான் நம்பணுமே" என்றாள் செல்லக்கனி. "பதினோரு வருசம் எங்கையால கொன்ன மாதிரி இருந்திருக்கேன். ஆறுதலுக்குச் சொல்லுதாங்கன்னுதான் நெனப்பேன். அந்த உசரத்துல, அந்தப் பயத்துல சொன்னியள்லா, அதனாலதான் நம்புனேன். கண்ணு போனாப் போவுது. அது போச்சுன்னா நான் திரும்பியும் அங்கயே போயிருவேன்."

உலகம்மாள் நடுக்கதவுப் பக்கம் திரும்பினாள். போகும்போது, சட்டியைக் கழுவிவை, காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

காலையில் செல்லக்கனி சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கார்டைச் செருகிவைத்திருந்த காலண்டருக்குப் பின்னால் கையை விட்டாள். ஆணி மட்டும் இருந்தது. கார்டும் பதினேழாம் நம்பர்ச் சீட்டும் இல்லை. நடுக்கதவு திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ரோட்டுக்கு ஓடினாள். வேன் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது என்று டீக்கடைக்காரர் சொன்னார். உலகம்மாள் ஏறியதைப் பார்த்தாராம், முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாளாம்.

அன்றைக்குப் பாத்தியில் அவளுக்கு வேலை ஓடவில்லை. மெஷின் விரலைக் கேட்கும், சிவப்பாக எரியும், கார்டைப் பார்ப்பார்கள், அதுவரைக்கும் சரி. கார்டில் இருக்கிற போட்டோவைப் பார்த்தால்? வெயிலில் கருகிய முகம் எல்லாம் அவர்களுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டால் போலீஸுக்குப் போவார்களா? அப்புறம்தான் பெரிய பயம் பிடித்தது. மதினி தன் நாளையல்லவா பிடுங்கக் கொடுக்கப் போயிருக்கிறாள். அவள் மனசில் என்ன மிஞ்சும்? தம்பியை எழுப்பி அனுப்பியது பதினோரு வருஷத்துப் பழைய வேர், அது அப்படியே இருக்கும். அதைச் சொல்லி இறக்கிவைத்தது மட்டும் போய்விடும். போகும்போது கனமில்லாமல் போனவள், திரும்பி வரும்போது பழைய மூட்டையோடு வருவாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். மாடத்தி செல்லக்கனியைப் பார்த்து, மாயாநகருக்கு எப்போது கூட்டிப்போவார்களாம் என்று கேட்டுவிட்டுப் போனாள். தாரணி கடைசியில் இறங்கி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"பதினேழு முடிஞ்சுதுக்கா. ஆனா ரெண்டாம் தரம்னு போட்டுட்டாங்க. சந்தோஷத்துல பயம் கலந்திருக்காம். மண் விழுந்த உப்பு மாதிரின்னு வெச்சுக்கங்க. முழு விலைக்குப் போகாது. அதனால ஒரு கண்ணுக்குத்தான் ஆப்பரேஷன்."

செல்லக்கனி காகிதத்தை வாங்கினாள். தாரணி அவளையும் வேன் படியருகே நின்ற உலகம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, முகம் பார்ப்பது என் வேலை இல்லைக்கா என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

வேன் போன பிறகு ரோட்டில் இரண்டு பேர்தான் நின்றார்கள். உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலைச் செல்லக்கனிக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். வெறுப்பு என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தாள். ராட்டினத்துக்குப் பிறகு அது வெறுப்பு இல்லை, பயம் என்று தெரிந்துவிட்டது.

"கார்டும் ஒன் சீட்டும் எங்கையில எப்படி வந்துச்சுன்னு தெரியல. நான் ஒண்ணும் களவாங்கல" என்றாள் உலகம்மாள், வேறு எங்கோ பார்த்தபடி. கார்டை நீட்டினாள். "ஒன் பேருல நான் எதுக்குட்டி போனேன்? ஆள் மாத்திப் போற சோலியே எனக்கு ஆவாது."

ஏன் ஆகாது என்று செல்லக்கனிக்குத் தெரியும். வாயைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது. சும்மா இருந்துவிடலாம். கார்டை வாங்கிக்கொண்டு போய் நடுக்கதவைச் சாத்திவிடலாம். அவளுக்கு வேண்டியது அவளிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு கண்ணும் வரப்போகிறது.

"மதினி, அன்னைக்கு மோட்டார் போட அவர அனுப்புனது நீங்கதான். எனக்குத் தெரியும்."

உலகம்மாள் ரோட்டோரத்துக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெட்டியின் தரையில் உட்கார்ந்த அதே மாதிரி. யார் சொன்னது என்று கேட்டாள்.

"நீங்கதான் சொன்னிய. போன வாரம், மாயாநகர்ல, ராட்டினத்து உச்சியில. அந்த நாளத்தான் இன்னைக்கு எனக்காவப் போயிக் குடுத்துட்டு வந்திருக்கிய. அது போயிரக் கூடாதுன்னு நேத்து உங்ககிட்ட அழுதேன்."

உலகம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சொல்வதில் எது தனக்கு நடந்தது, எது கதை என்று அவளால் பிரிக்க முடியவில்லை. ஆனால் மோட்டார் விஷயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் புருஷனும் செத்து நாலு வருஷம் ஆகிறது. அவளே சொல்லாமல் இது வெளியே வந்திருக்க வழியில்லை. அது அவளுக்குள் மெல்ல இறங்கியது. வெயில் அடங்கி உப்பு அம்பாரங்கள் சிவந்துகொண்டிருந்தன.

"நான் சொன்னதும்..." என்றாள். மறுபடி கேட்டாள். "நான் சொன்னதும் நீ என்னட்டி செஞ்ச?"

பார்த்தவர்கள் யாரும் இல்லை. உலகம்மாளிடமிருந்து எடுத்ததும் கம்பெனிக்குப் போய்விட்டது. அந்த உச்சியில் நடந்தது இப்போது செல்லக்கனியின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஒங்க கையப் புடிச்சுக்கிட்டேன். எறங்குத வரைக்கும் விடல" என்றாள்.

உலகம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். உப்பில் வெடித்து ரேகை அழிந்த கை. அதில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனி குனிந்து அந்தக் கையைப் பிடித்து அவளைத் தூக்கிவிட்டாள். வீடுவரைக்கும் விடவில்லை.

கை உருவப்பட்டது இனி இரண்டு பேருக்குத்தான் தெரியும். செல்லக்கனிக்கு. அப்புறம் மாயாநகர் சலித்துப்போய், விலை குறைவு என்று ரெண்டாம் தரத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளப்போகிற எந்த ஊர்க்காரிக்கோ. ராட்டினத்தின் உச்சியில் தன் கை ஏன் திடீரென்று வெறுங்கையாகிறது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.